பாலூட்டும் நாட்களில் முகப்பரு: எந்த ட்யூபை எடுக்கலாம், எதை வைத்துவிடலாம்

முகப்பருப் பொருட்களின் அட்டையில் "பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருந்தால், அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அழகுப் பொருள் ஒன்றில் அந்த வரியைப் போடுவதற்குத் தாய்ப்பாலைச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. மருந்து ட்யூபோடு மடித்து வைத்த தாளில் இருக்கும் "பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்கவும்" என்ற வரிக்கும் இதே கதிதான். பாலூட்டும் பெண்களிடம் அந்த மருந்தை யாரும் ஆராயவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கெடுதல் கண்டுபிடித்து எழுதிய வரி என்று பலர் எண்ணிக்கொண்டு, நல்ல மருந்தை வைத்துவிட்டு அட்டை அழகாக இருக்கும் சீரத்தை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம், மருந்தின் ஆபத்தைக் குறிக்கும் அந்தப் பழைய ஏ, பி, சி, டி, எக்ஸ் எழுத்துகள். "இது பி வகை, பயமில்லை" என்று இன்றும் விற்பனையில் சொல்கிறார்கள். அந்த எழுத்துகள் கர்ப்பகாலத்துக்காக வகுக்கப்பட்டவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2015 முதல் அவற்றை மருந்துத் தாள்களிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது. கர்ப்பத்தில் கூடாத மருந்து பாலூட்டும்போது ஒத்துப்போகலாம்; கீழே வரும் அடாபலீன் என்ற பரு மருந்து அதற்கு உதாரணம். கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாக மருந்து நேரே கருவுக்குப் போகிறது. பாலூட்டும்போதோ அது முதலில் தாயின் தோலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, பாலில் இறங்கி, பிறகு குழந்தையின் குடலிலும் உறிஞ்சப்பட வேண்டும். தாய் விழுங்கும் மருந்துகளில், குழந்தைக்குப் போய்ச்சேரும் அளவு எடைக்கு எடை தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பது மருத்துவர்களின் கணக்கு. முகத்தில் பட்டாணி அளவு பூசும் ஜெல் அந்த எல்லைக்கு அருகில்கூட வருவதில்லை.

ஆகவே, பாலை விடக் கவனிக்க வேண்டியது தொடுதலைத்தான். குழந்தை அம்மாவின் கன்னத்தில் முகத்தை உரசுகிறது, மோவாயைச் சப்புகிறது, கழுத்தில் தலை சாய்த்துத் தூங்குகிறது. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு மிக அதிகம். பாலில் வராத மருந்து இந்த வழியில் வரும். ஒரு பொருளை எடைபோட நான்கு கேள்விகள் போதும்: எத்தனை சதவீதம், பூசி விடுவதா கழுவி விடுவதா, எவ்வளவு பரப்பில், குழந்தையின் வாய் அங்கே படுமா. இந்த நான்கையும் வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லேசான, நடுத்தரமான பருவுக்கு 2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல் ஒன்றும், 15 அல்லது 20% அசெலாயிக் அமிலம் ஒன்றும் இருந்தால் போதும். மற்றவற்றில் பாதி தேவையற்றவை, கால்வாசி துணைக்கு உதவுபவை, மீதி ஆபத்தானவை.

பென்சாயில் பெராக்சைடு

பருவுக்குள் பெருகும் பாக்டீரியாவை ஆக்ஸிஜன் கொண்டு கொல்கிறது. எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தினாலும் அந்தக் கிருமிக்கு இதை எதிர்க்கும் திறன் வளர்வதில்லை. ஆன்டிபயாட்டிக் எதற்கும் இந்தப் பெருமை கிடையாது. பூசியதில் சுமார் 5 சதவீதமே உள்ளே போகிறது. அதுவும் தோலிலேயே பென்சாயிக் அமிலமாக மாறி, சிறுநீரில் விரைவில் வெளியேறிவிடுகிறது. பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கக்கூடிய பரு மருந்துகளில் முதல் வரிசையில் இது நிற்பது இதனால்தான்.

பென்சாக் போன்ற ஜெல்கள் 2.5, 5, 10 சதவீதங்களில் வருகின்றன. 2.5% ட்யூபையே எடுங்கள். சிவந்த பருக்களிலும் சீழ்ப் பருக்களிலும் 2.5 சதவீதம், 5, 10 சதவீதங்களுக்கு இணையாகவே வேலை செய்வது ஒப்பிட்டுப் பார்த்து உறுதியானது. ஏறும் சதவீதத்தோடு ஏறுவது எரிச்சலும் தோல் உரிதலும்தான். பத்து சதவீத ஜெல்லை வாங்கி, மூன்றாம் நாள் முகம் தோலுரிந்து, "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போடுபவர்களே அதிகம். மருந்தின் மீது குற்றமில்லை, சதவீதத்தின் மீதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மூன்று நாட்கள் தாடையோரத்தில் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வறட்சியும் லேசான குறுகுறுப்பும் வழக்கமானவை. கண்ணிமை வீங்கினாலோ, தோல் தடித்து நீர்க்கொப்புளம் வந்தாலோ அது ஒவ்வாமை. அந்த ட்யூபை மறுபடி தொடக்கூடாது. மூச்சுத் திணறலோ தொண்டை இறுக்கமோ வந்தால் உடனே மருத்துவமனை. இது அரிது, ஆனால் நடக்கும்.

மூன்று நாள் பிரச்சினையில்லை என்றால், இரவில் முகம் கழுவி முழுக்க உலரவிட்டு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என்று ஐந்து புள்ளிகளாக வைத்துப் பரப்ப வேண்டும். தெரியும் பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது பாதிப் பயன்தான் தரும். அடுத்த வாரம் வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். ஈரமான தோலில் பூசினால் எரிச்சல் கூடும்.

இதன் பெரிய குறை, துணியை வெளுப்பது. தலையணை உறை, துண்டு, இரவு உடை, குழந்தையைச் சுற்றும் வண்ணத் துணி எதில் பட்டாலும் ஆரஞ்சு நிறத் திட்டு விழும், பிறகு போகாது. வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்வதே வழி. புருவத்திலும் நெற்றி முடியோரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தில் இந்த மருந்து சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனாக மாறும் என்பதும் அண்மையில் பேச்சாகியிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 95 பொருட்களைச் சோதித்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லவே இல்லை அல்லது மிகமிகக் குறைவு. சிலவற்றை மட்டும் திரும்பப் பெற்றார்கள். பதற வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியிலும் குளியலறை ஜன்னலிலும் வைக்காமல், குளிர்ந்த இடத்தில் வைத்து, காலாவதித் தேதி தாண்டியதை எறிந்துவிட வேண்டும்.

பூசி விடும் ஜெல் குழந்தையின் மேல் ஒட்டும் என்ற கவலை இருந்தால், கழுவி விடும் வகையை எடுக்கலாம். 4 முதல் 10 சதவீதம் வரை பேனாக்ஸில் போன்ற ஃபேஸ்வாஷ்கள் உள்ளன. இவற்றை நுரைத்துவிட்டு உடனே கழுவினால் பணம்தான் கரையும். தோலில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். மார்பு, முதுகுப் பருவுக்கு ஜெல்லைவிட இந்த வகையே நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

அசெலாயிக் அமிலம்

பாலூட்டும் தாய்க்கு ஒரே ஒரு பொருளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பல தோல் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். அதை மறுக்க எங்களுக்கும் காரணமில்லை. இது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள். நம் உடலிலும் சிறிதளவு உருவாகிறது. பூசியதில் 4 சதவீதம் அளவே உள்ளே போகிறது. கர்ப்பகாலத்திலும் பயன்படுத்தக்கூடியதாகையால், அப்போது தொடங்கியவர்கள் பிரசவத்துக்குப் பின் நிறுத்தாமல் தொடரலாம்.

இதன் தனிச்சிறப்பு கறை. பரு ஆறிய இடத்தில் பழுப்பாகவோ கருமையாகவோ மாதக்கணக்கில் நிற்கும் தடத்தை மெல்ல மங்க வைக்கிறது. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பருவைவிடப் பருக்கறைதான் பெரிய வேதனை. பென்சாயில் பெராக்சைடு பருவை வேகமாக அடக்கும், கறையை ஒன்றும் செய்யாது. இரண்டையும் சேர்த்து வைப்பதன் காரணம் இதுதான்.

15 சதவீத ஜெல்லாக ஃபினேசியா, 20 சதவீத க்ரீமாக ஸ்கினோரென் ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல், வறண்ட தோலுக்கு க்ரீம். சதவீதம் குறைந்திருப்பதால் ஜெல் வலுவற்றது என்று எண்ண வேண்டாம். ஜெல் வடிவத்தில் மருந்து தோலுக்குள் நன்றாக இறங்கும். மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கும் 10 சதவீதப் பொருட்கள் சுமார்தான். அவற்றில் பல சிலிக்கோன் கலந்த கெட்டியான குழம்பு. மேலே சன்ஸ்கிரீன் போட்டதும் அழிப்பான் துகள்போல உருண்டு உதிரும். 15 சதவீதம் கிடைக்கும்போது 10 சதவீதத்தை வாங்க ஒரே நியாயம், தோல் அத்தனை எளிதில் எரியும் வகை என்பதுதான்.

முதல் சில வாரங்கள் பூசிய சில நிமிடங்களில் குத்தலும் அரிப்பும் வரும். பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதலில் மாய்ஸ்சுரைசர், அதற்கு மேல் அசெலாயிக் என்று வரிசையை மாற்றினால் குத்தல் குறையும். தொடக்கத்தில் ஒருவேளை, பழகியபின் காலை, இரவு இருவேளை. பரு குறைவது தெரிய நான்கு முதல் எட்டு வாரம், கறைக்கு அதைவிட நீளம். ஆறாம் வாரத்தில் "வேலை செய்யவில்லை" என்று எழுதும் விமர்சனங்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடாபலீன், ட்ரெட்டினாயின்

இங்கேதான் இருவேறு பேச்சுகள் உண்டு. இவை வைட்டமின் ஏ குடும்பம். கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவை என்பதில் சந்தேகமில்லை. பாலூட்டும்போது முகத்தில் பூசும் அடாபலீன், தோல் வழியே மிகமிகக் குறைவாகவே உள்ளே போவதால், குழந்தைக்கு ஆபத்துக் குறைவானதாகவே கருதப்படுகிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் லாக்ட்மெட் தரவுத்தளமும் இதையே சொல்கிறது. இருந்தும் மருந்துத் தாள் கையைக் கட்டுகிறது, மருத்துவர்கள் பலரும் தயங்குகிறார்கள்.

எங்கள் கணிப்பு இது: கரும்புள்ளியும் வெண்புள்ளியுமாகத் துளைகள் அடைபட்ட முகத்துக்கு அடாபலீன் 0.1% போல வேறொன்று இல்லை. டிஃபெரின் என்ற பெயரில் அமெரிக்காவில் 2016 முதல் மருத்துவர் சீட்டில்லாமலே விற்கிறது. பென்சாயில் பெராக்சைடும் அசெலாயிக்கும் மூன்று மாதம் முயன்றும் அடங்காத பருவுக்கு, மருத்துவரிடம் பேசிவிட்டு இரவில் மட்டும் பட்டாணி அளவு பூசலாம். முதல் மூன்று நான்கு வாரம் பரு கூடுவது போலத் தோன்றும். உள்ளே இருந்தவை வெளியே தள்ளப்படுவதுதான் அது.

பலர் மறக்கும் இன்னொரு விஷயம், அடுத்த கர்ப்பம். பாலூட்டினால் கரு தங்காது என்ற நம்பிக்கை மூன்று நிபந்தனைகளுக்குட்பட்டது: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக்கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது. ஒன்று தவறினாலும் அந்தக் காப்பு இல்லை. அடாபலீன் வகையைத் தொட்டால் கருத்தடையையும் யோசித்திருக்க வேண்டும்.

ட்ரெட்டினாயினின் பழைய வடிவங்களைப் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் ஒன்று மற்றதைச் சிதைத்துவிடும். அடாபலீன் சிதையாது. அதனால்தான் எபிடுவோ போன்ற ஜெல்லில் 0.1% அடாபலீனையும் 2.5% பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ட்யூபில் அடைக்க முடிகிறது. ஒருவேளை பூசினால் போதும் என்பது தூக்கமில்லாத தாய்க்குப் பெரிய வசதி. இரண்டின் எரிச்சலும் சேர்ந்து வருவது அதற்கான விலை. இதே குடும்பத்தைச் சேர்ந்த டாசரோடீன் வேண்டாம். அந்த அளவுக்குக் கடுமையான மருந்து தேவைப்படும் பரு, கடையில் நின்று தீர்மானிக்கும் பரு கிடையாது.

கிளிண்டமைசின்

1% ஜெல்லோ லோஷனோ முகத்தில் பூசினால் பாலில் கவலைப்படும் அளவு வராது. மாத்திரையாக விழுங்கினால்தான் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அரிதாக மலத்தில் ரத்தம் என்று பார்க்க வேண்டியிருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. தனியாகப் பூசினால் சில மாதங்களில் கிருமி பழகிவிடும், பிறகு அந்த மருந்து வெறும் தண்ணீர். பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த கலவையாக, மூன்று மாதத்துக்கு மிகாமல் என்றால் சரி. கிளிண்டமைசின் ட்யூப் ஒன்றை மட்டும் எழுதித் தந்திருந்தால், கூடவே பென்சாயில் பெராக்சைடு வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

சாலிசிலிக் அமிலம்

பாலூட்டும் தாய்மார்கள் தேவைக்கு மேல் பயப்படும் பொருள் இது. ஆஸ்பிரினின் உறவு என்பதும், ஆஸ்பிரினுக்கும், குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய ரேய் நோய்க்கும் உள்ள தொடர்பும் சேர்ந்து உண்டாக்கிய பயம். 0.5 முதல் 2 சதவீதம் வரையிலான ஃபேஸ்வாஷும், முகத்தில் மட்டும் தடவும் டோனரும் பாலுக்கு ஒன்றும் செய்யாது. தவிர்க்க வேண்டியவை தோலை உரிக்கும் 20, 30 சதவீத பீல்களும், முதுகும் மார்பும் முழுக்கத் தடவும் லோஷன்களும். பரப்பு விரிய விரிய உள்ளே போவதும் கூடும். பருவுக்கு இதன் பலன் நடுத்தரம்தான்; மூக்கோரக் கரும்புள்ளிக்குச் சரி, கன்னத்துச் சீழ்ப் பருவுக்குப் போதாது. பென்சாயில் பெராக்சைடோடு ஒரே இரவில் சேர்த்தால் தோல் வறண்டு கிழியும்.

துணைப் பொருட்கள்

நயாசினமைடு 4 அல்லது 5% நல்ல துணை, பாலூட்டுபவருக்கு எந்தத் தடையும் இல்லை. எரிச்சலைத் தணிக்கும், எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் குறைக்கும். 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. கந்தகம் 3 முதல் 10% வரை கலந்த முகப்பூச்சுகள் பாதுகாப்பானவை. முட்டை அழுகிய வாடையைக் குழந்தை பொறுத்துக்கொண்டால் சரி. டீ ட்ரீ எண்ணெய் மெதுவாக வேலை செய்யும். நீர்க்காமல் தடவினால் தோல் பொங்கும், விழுங்கினால் நஞ்சு. குழந்தையின் வாய் போகும் முகத்தில் இதற்கு என்ன வேலை என்பதே எங்கள் கேள்வி.

ஹைட்ரோகொல்லாய்டு பரு ஒட்டிகளுக்கு மட்டும் தனியாக ஒரு பாராட்டு. மருந்தே இல்லை, பாலுக்கு எதுவும் போகாது. வெள்ளை முனை திரண்டு வாய் திறந்த பருவின் மேல், முகம் கழுவி உலர்ந்தபின் ஒட்டி ஆறு முதல் எட்டு மணி நேரம் விட்டால், நீரை உறிஞ்சி வெளுத்து நிற்கும். கிள்ளும் கையையும் தடுக்கிறது. தழும்பைத் தவிர்க்க அதுவே பாதி வேலை. தோலுக்கடியில் கல்லாக நிற்கும் பருவில் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. இரவில் உதிர்ந்து படுக்கையில் கிடக்கும் ஒட்டி குழந்தையின் வாய்க்குப் போகக்கூடும். பக்கத்தில் குழந்தை படுத்தால் இதைப் பகலில் ஒட்டி, குழந்தையைத் தூக்குமுன் கழற்றிவிடுவது மேல்.

எடுக்கக் கூடாதவை

ஹைட்ரோகுவினோன் கறை நீக்கிகள் முதலில். பூசியதில் 35 முதல் 45 சதவீதம் உடலுக்குள் போகிறது. அசெலாயிக்கின் 4 சதவீதத்தோடு ஒப்பிட்டால் ஏன் வேண்டாம் என்பது விளங்கும். கறை அவசரமில்லை, பால் மறக்கடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று எது கலந்திருந்தாலும் முகப்பருவுக்கு ஆகாது. மூன்றே நாளில் முகம் பளிச்சிடும், அதில்தான் மயங்குகிறோம். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும், தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். அட்டையின் பின்பக்கம் படிக்காமல் எந்த "முகப்பொலிவு" க்ரீமையும் எடுக்க வேண்டாம். பொருட்பட்டியலே இல்லாத வெண்மையாக்கும் க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். பாதரசம் பால் வழியாகவும் போகும், தொட்டாலும் ஒட்டும், வீட்டுத் துணி முழுக்கப் பரவும். அப்படிப்பட்ட ட்யூப் கையில் இருந்தால் உபயோகத்தை நிறுத்திவிட்டு, குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டாப்சோன் ஜெல் சிக்கலானது. மாத்திரையாக எடுக்கும் டாப்சோன் பாலில் இறங்கும். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். ஜெல்லில் உள்ளே போவது மிகக் குறைவு. இருந்தாலும் குழந்தையின் நொதி நிலை தெரியாதபோது, இத்தனை மாற்று இருக்க, இதை எடுப்பானேன்?

விழுங்கும் மருந்துகள்

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பாலூட்டும் வரை கூடவே கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. டாக்ஸிசைக்ளின் மூன்று வாரத்துக்கு உட்பட்ட குறுகிய கால நோய்த்தொற்றுக்குப் பாலூட்டும்போதும் தரப்படுகிறது. ஆனால் பருவுக்கு மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும், அங்கேதான் பொருந்தாமல் போகிறது. மினோசைக்ளின் எடுத்தவர்களுக்குப் பால் கறுப்பாக மாறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இதைத் தவிர்ப்பதே சரி. எரித்ரோமைசின் பொதுவாக ஒத்துப்போகும், ஆனால் குழந்தை பிறந்த முதல் வாரங்களில் இரைப்பை வாய் சுருங்கும் நோயோடு அதற்குத் தொடர்பு பேசப்படுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் பாலில் மிகக் குறைவாகவே வருகிறது. தாடையோரம் ஆழமாக வரும் ஹார்மோன் பருவுக்கு மருத்துவர் இதை எழுதினால் திகைக்க வேண்டாம். கர்ப்பம் தரித்தால் கருவுக்கு ஆகாது, ஆகவே கருத்தடைப் பேச்சு இங்கும் வரும்.

கருத்தடை என்றதும் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பருவைக் குறைக்கும் என்றாலும், பிரசவத்துக்குப் பின் ஆரம்ப வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்தையும் பால் குறையும் வாய்ப்பையும் கொண்டுவரும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, ஊசி, கைத்தோலுக்கடியில் பதிக்கும் குச்சி, கருப்பை வளையம் ஆகியவை பாலூட்டலுக்கு ஏற்றவை; அவற்றால் சிலருக்குப் பரு கிளம்பும். பிரசவத்துக்குப் பின் அவற்றைத் தொடங்கிய இரண்டு மூன்று மாதத்தில் முகம் வெடித்திருந்தால் அதைச் சொல்லாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டாம்.

நாள் வரிசை

காலையில் வாசனையில்லாத மிதமான ஃபேஸ்வாஷ், அசெலாயிக், மாய்ஸ்சுரைசர், சன்ஸ்கிரீன். துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். அது இல்லாமல் கறை மங்காது. இரவில் கழுவி, உலரவிட்டு, பென்சாயில் பெராக்சைடு, மாய்ஸ்சுரைசர். இரண்டு மருந்தையும் ஒரே நாளில் தொடங்கக்கூடாது. எரிந்தால் எது எரிக்கிறது என்றே தெரியாது. ஒன்றைத் தொடங்கி மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது.

இரவு வரிசையின் கஷ்டம், குழந்தை எப்போது எழும் என்று தெரியாததுதான். ஒரு தடவை பால் கொடுத்துக் கிடத்தியவுடன் பூசினால், அடுத்த முறை எழுவதற்குள் 20, 30 நிமிடமாவது உலர நேரம் கிடைக்கும். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையையோ, மார்பையோ, பால் எடுக்கும் பம்ப்பையோ தொட வேண்டும். குழந்தை கன்னத்தோடு ஒட்டியே தூங்கும் பழக்கம் என்றால், பூசி விடும் ஜெல்லை மாலையில் பூசி, இரண்டு மணி நேரம் விட்டு, படுக்குமுன் கழுவிவிடலாம். பலன் கொஞ்சம் குறையும், நிம்மதி கூடும். ஒரு இரவு விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் பூச வேண்டாம்.

மார்பிலும் தோளிலும் பரு இருந்தால், குழந்தையின் வாயும் முகமும் படும் இடம் என்பதால் பூசி விடும் எதையும் அங்கே வைக்காமல், பென்சாயில் பெராக்சைடு வாஷைக் குளிக்கும்போது தேய்த்து, சில நிமிடம் நிற்கவிட்டு, நன்றாகக் கழுவித் துடைப்பதே வழி. முலைக்காம்பிலும் அதைச் சுற்றியும் பரு மருந்து எதுவும் படக்கூடாது. மருத்துவர் வேறு காரணத்துக்காக மார்பில் பூச ஏதாவது தந்தால், அது நீரில் கரையும் க்ரீமாகவோ ஜெல்லாகவோ இருக்க வேண்டும். களிம்பு வகை என்றால் அதிலுள்ள கனிம மெழுகைக் குழந்தை நக்கி விழுங்கிவிடும். குறைமாதக் குழந்தை, அல்லது வேறு நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை என்றால், மேலே சொன்ன பாதுகாப்பான பொருட்களையும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

பருவாகத் தெரிந்து பருவாக இல்லாதவையும் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு, சிறுசிறு பொரியாக வந்தால் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் பூசினால் கூடும், பூஞ்சை மருந்துக்கு அடங்கும். வாயைச் சுற்றிச் செம்பொரி வந்து, ஸ்டீராய்டு க்ரீம் பூசிய வரலாறும் இருந்தால் அது வேறு நோய். முதல் சிகிச்சை அந்த க்ரீமை விடுவது. பருவோடு சேர்ந்து முகத்தில் திடீரென முடி அடர்வது, குரல் கனப்பது, உச்சந்தலை முடி கொட்டி மெலிவது என்று வந்தால் ட்யூப் தேடுவதை விட்டுவிட்டு ஹார்மோன் பரிசோதனைக்குப் போக வேண்டும். விரலால் அழுத்தினால் வலிக்கும் கட்டிகள் தழும்பாக மாறத் தொடங்கியிருந்தால், மூன்று மாதம் முயன்று பார்க்கும் பொறுமையும் அங்கே வேண்டாம். கட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பாலூட்டும்போதும் போடக்கூடியதே, கட்டி சில நாட்களில் அமுங்கும்.